காக்கிச்சட்டையின் இருப்பு

பிப்ரவரி 9

கடவுள் துணை.

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வெளியே நின்றவர்கள்: நகராட்சி அளவையாளர் ஒருவர், அவருக்குச் சங்கிலி பிடிக்கும் ஆள் ஒருவர், பேருந்துப் பணிமனையின் மேற்பார்வையாளர், உன் அத்தான், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, நான். மொத்தம் ஆறு பேர். யார் இருந்தார்கள், யார் இல்லை என்று நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது. அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்கு முட்டிவலி வந்து போகிறது. வந்தால் நாள் கணக்கில் தங்குகிறது. உன் இருமல் நின்றதா? நெஞ்சில் தைலம் தடவிக்கொள்கிறாயா, இல்லை, பாட்டில் அலமாரியில் சும்மா இருக்கிறதா?

விஷயம் இதுதான். நம் பின்கதவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிற ஈர நிலத்தை நீ பார்த்திருக்கிறாய். வெள்ளைக் குடைப்பூச் செடிகள் இடுப்பளவு நிற்குமே, அந்த இடம். அதை மூடி, பணிமனையை இந்தப் பக்கம் நீட்டப் போகிறார்களாம். முளைக்குச்சி அடிக்க வந்தார்கள். நான் கதவைத் திறந்துகொண்டு போய், "இங்க ஒரு பூச்சி இருக்கு. வேற எங்கயும் நான் பார்த்ததில்ல. பதினோரு வருஷமா எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.

மேற்பார்வையாளர் சிரித்தார். "பூச்சி பேர்ல பத்திரம் இருக்காம்மா?"

அத்தான், "பத்திரம் இல்லீங்க, பற்று வரவு இருக்கு. எங்க வீட்டம்மா ஈ பறந்தாக்கூட நோட்டுல ஏத்திடுவாங்க" என்றார். எனக்காகப் பேசினாரா, என்னைக் கிண்டல் செய்தாரா என்று இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரிந்ததில்லை.

அளவையாளர் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆராய்ச்சி நிலையத்துல ஒரு அறிக்கை வாங்கணும்மா. இங்க அபூர்வமா ஏதோ இருக்குன்னு அவங்க எழுதினா வேலை நிக்கும். ஒண்ணுமில்லேன்னு எழுதினா நிக்காது. அவ்வளவுதான்" என்றார். எந்த நிலையம் என்று கேட்டேன். நீ வேலை செய்கிற நிலையத்தின் பெயரைச் சொன்னார். கடவுள் வழி காட்டுவது இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் காக்கிச்சட்டைப் பூச்சிகளுக்கு நீ ஏதாவது செய்ய முடியுமா? யோசித்து எழுது.

உன் அக்கா.

பிப்ரவரி 21

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. தைல பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தே இருமல் பயந்து ஓடிவிட்டது என்று வைத்துக்கொள். அத்தான் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாரா?

உன் கடிதத்தை எங்கள் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அந்த நிலத்துக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்துவிட்டதாம். அறிக்கை எழுதுவது எங்கள் பிரிவுதான். அதாவது அவர் சொல்ல, நான் எழுதுவேன்.

நீ வருடா வருடம் சொல்கிற பூச்சியை நான் இதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை. தப்புதான். இப்போது கேட்கிறேன். நீளவாக்கில் உடம்பு, துணி மாதிரி மெத்தென்ற மேல்சிறகு, பூவில் பட்டப்பகலில் உட்காரும் என்கிறாய். அது சிப்பாய் வண்டுக் குடும்பம். பழைய காலத்துச் சிப்பாய்களின் உடை மாதிரி நிறம் இருப்பதால் அந்தப் பெயர். நீ படிக்காமலேயே காக்கிச்சட்டை என்று பெயர் வைத்திருக்கிறாய்! அந்தக் குடும்பத்தில் ஏகப்பட்ட இனங்கள் உண்டு, பலவும் சாதாரணமானவை. உன்னுடையது எது என்று பார்க்க வண்டு வேண்டும். நாலைந்து பிடித்து அனுப்பு. நோட்டுகளையும் அனுப்பு, எல்லா வருடத்தையும்.

ஒன்பது வருடமாக இங்கே தற்காலிக உதவியாளனாகப் பூச்சிகளை ஊசியில் குத்திக்கொண்டிருக்கிறேன். என் அக்கா வீட்டுக் கொல்லையிலிருந்து எனக்கு ஒரு நல்ல காலம் பிறந்தால் வேண்டாம் என்றா சொல்வேன்?

உன் தம்பி.

மார்ச் 2

கடவுள் துணை.

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். கொடுப்பது நான், முனகுவது மட்டும் அவர். மற்றபடி சௌக்கியம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நோட்டு ஒன்றுதான். தடிப் பேரேடு, பதினோரு வருடமும் அதிலேயே. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதை அனுப்பும்போது பிள்ளையை விடுதியில் விடுவது போல இருந்தது. வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடு.

வண்டு பிடிக்க மாட்டேன். அது உயிர், என் கையால் போக வேண்டாம். ஆயுள் முடிந்து செடிக்கடியில் விழுந்தவற்றை ஒவ்வொரு வருடமும் தீப்பெட்டியில் பஞ்சு போட்டு வைத்திருக்கிறேன். அதிலிருந்து நல்லதாக ஐந்து அனுப்புகிறேன். காக்கி கொஞ்சம் வெளுத்திருக்கும். கழுத்துப் பட்டையின் செம்மண் நிறமும் நடுவில் உள்ள கறுப்புப் புள்ளியும் அப்படியே இருக்கின்றன. ஆறு காலிலும் முழங்கால் மட்டும் மஞ்சள், அதைக் கவனி. உன் பழைய பாடப்புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அதில் இப்படி ஒன்று இல்லை.

நோட்டைப் படிப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். மே கடைசியில் வெளியே வரும், ஜூலை முதல் வாரத்தில் முடிந்துவிடும். அந்த நாட்களில் காலை பிரார்த்தனை முடிந்ததும் பின்கதவைத் திறந்து, வாய்க்கால் ஓரம் கடைசிச் செடி வரை போய் எண்ணுவேன். அன்று எத்தனை இருந்ததோ அதை எழுதுவேன். நேற்று இருந்ததேதான் இன்றும் இருக்கும். ஒரு கால் இல்லாத ஒன்று பதினேழு நாள் அதே குடைப்பூவில் உட்கார்ந்திருந்தது. மனசுக்கு உறுதி வேண்டும் என்று நாலாம் வருடம் தையல்காரம்மாவிடம் நகப்பூச்சு வாங்கி, ஊசிமுனையில் தொட்டு, இருந்த இருபத்திரண்டுக்கும் முதுகில் ஒரு புள்ளி வைத்தேன். பயந்துபோய் இடுப்பிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு கசியவிட்டன. விரலில் பட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கசப்பு. மறுநாள் இருபத்திரண்டு இருந்தது. இருபத்திரண்டின் முதுகிலும் புள்ளி.

ஆகவே முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்: "கடவுளே, கண்டதை மட்டும் எழுதுகிறேன். இது வரவு அல்ல, இருப்பு." மளிகைக்கு நான் எழுதுகிற மாதிரிதான்.

முதல் வருடம் ஒரே நாளில் அதிகபட்சம் முப்பத்தொன்று. போன வருடம் பதினான்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. நானும் தையல்காரம்மாவும் பாலம் சுற்றிப் போய் மூன்று வருடம் தேடிப் பார்த்திருக்கிறோம். "உங்களோட வந்து வந்து எனக்குப் பூச்சிப் பைத்தியம்னு பேர் வந்துடுச்சு" என்று அவள் அலுத்துக்கொள்கிறாள், ஆனால் கூப்பிட்டால் வருகிறாள்.

அக்கா.

மார்ச் 16

அன்பு அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

எங்கள் நிலையத்தில் எண்பது வருடத்துக்கு முன்னால் யாரோ குத்தி வைத்த இரண்டு வண்டுகள் ஒரு மூலைப் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றுக்கு இரண்டு கால்தான். அந்த இரண்டு காலிலும் முழங்கால் மஞ்சள். அதற்குப் பிறகு யாரும் இந்த இனத்தைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. உன் தீப்பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்கா, அதே வண்டு.

அறிக்கையில் உன்னைப் பற்றி எழுதச் சொல்கிறேன். தலைவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "யாருய்யா இது, நம்ம ஆளுங்களைவிட ஒழுங்கா எழுதியிருக்காங்க" என்றார்.

இருப்பு, வரவு வித்தியாசமெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டுமா? எனக்கு ஒன்பது வயதானபோது நீ சர்க்கரை டப்பாவில் தினமும் எழுதி ஒட்டிய அளவையெல்லாம் நான் கூட்டி, நம் வீட்டில் இரண்டு மூட்டை சர்க்கரை இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேனே. அப்பா மூன்று நாள் சிரித்தார். அத்தான் இன்னும் என்னை "மூட்டை" என்றுதான் கூப்பிடுகிறார். இந்த முறை அப்படிக் கூட்ட மாட்டேன், பயப்படாதே.

அத்தானுக்கு மூட்டையின் வணக்கம்.

தம்பி.

மே 3

கடவுள் துணை.

அன்புள்ள தம்பிக்கு,

நான் சௌக்கியம். அத்தானைத்தான் இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தோம். முட்டியில் நீர் எடுத்தார்கள். இப்போது வீட்டுக்குள் குச்சி ஊன்றி நடக்கிறார். உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று தையல்காரம்மா சொன்னாள். வேலையில் இருப்பான், வேண்டாம் என்றேன்.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. நடுவில் நான் போட்ட இரண்டு அட்டைகள் கிடைத்தனவா? தபால்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கும் இல்லீங்க" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார். தெரு முழுக்கப் பார்க்கிறது.

அறிக்கை என்ன ஆயிற்று? ஏப்ரல் நடுவில் ஒரு கார் வந்து வாய்க்கால் ஓரம் நின்றது. உங்கள் தலைவராக இருக்க வேண்டும். நிலையத்தின் முத்திரை கதவில் இருந்தது. பணிமனை மேற்பார்வையாளர் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். செருப்பில் சேறு படாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். நான் பின்கதவைத் திறந்து, "உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். "பரவாயில்லம்மா" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நீ சொல்லவில்லையா?

இந்த மாதக் கடைசியில் வண்டுகள் வந்துவிடும். எழுத நோட்டு வேண்டும். அனுப்பிவை. அதுவரை காலண்டர் தாளின் பின்புறத்தில் குறிக்கிறேன்.

அக்கா.

மே 27

அன்பு அக்கா,

அட்டைகள் கிடைத்தன. அத்தான் பற்றிப் படித்து வருத்தமாக இருந்தது. குச்சியை விட வேண்டாம் என்று சொல். இங்கே மூச்சு விட நேரமில்லை. நோட்டு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி.

ஜூன் 19

கடவுள் துணை.

தம்பிக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா கடைக்குப் போனவள் பாதியில் திரும்பி ஓடி வந்தாள். "நகராட்சிப் பலகையில உங்க பூச்சி பத்தி ஒட்டியிருக்காங்க" என்றாள். நான் ஈரக்கையோடு போனேன். பலகைக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை காத்திருந்து, பிறகு கொண்டுபோன பென்சிலால் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொண்டேன். இதோ:

"உள்ளூர்வாசி ஒருவரின் நம்பகமான பதிவேட்டின்படி, இவ்விடத்தில் பதினோரு ஆண்டுகளில் 6,148 வண்டுகள் காணப்பட்டுள்ளன. எனவே இந்த இனம் இங்கு ஏராளமாக உள்ளது. சுற்றுப்புறத்திலும் பரவலாக இருக்கும் எனக் கருத இடமுண்டு. பணிக்குத் தடையில்லை."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அத்தான், "என்ன, முகம் இப்படி இருக்கு?" என்றார். தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு, "மூட்டை திரும்பவும் சர்க்கரையக் கூட்டிட்டான்" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஆறாயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. அந்த எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய நோட்டு வேண்டியதில்லை. தினமும் நான் எழுதிய இருப்பை, பதினோரு வருடத்துக்கும், மேலிருந்து கீழே கூட்டியிருக்கிறீர்கள். ஒற்றைக் கால் இழந்தது பதினேழு நாள் உட்கார்ந்திருந்ததே, அது பதினேழு வண்டு ஆகிவிட்டது. என் பதினான்கு வண்டை ஆறாயிரம் ஆக்கி, ஆறாயிரம் இருப்பதால் பதினான்கையும் கொல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வருடம் அதிகபட்சம் பதினொன்று. காலண்டர் தாளில் இருக்கிறது.

என் மனசு ஆறாத இடம் ஒன்று உண்டு. "நம்பகமான பதிவேடு" என்று போட்டிருக்கிறதே, அந்த இடம். கண்டதை மட்டும் எழுதுகிறேன் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு எழுதிய நோட்டு அது. அதை எடுத்துப் பொய்ச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஐந்து நாளாகப் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை.

தவறு யாருக்கும் வரும். திருத்துவதற்கு ஒரு வரி போதும். ஆகஸ்டு கடைசிவரை ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று பலகையிலேயே இருக்கிறது. தலைவரிடம் சொல். இன்றே சொல்.

அக்கா.

ஜூலை 22

அன்பு அக்காவுக்கு,

அத்தான் நலமா? நான் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

கூட்டியது தலைவர். நான் பார்ப்பதற்குள் அறிக்கை போய்விட்டது. போன பிறகு ஒரு நிலையம் தன் எண்ணைத் தானே தப்பு என்று சொல்லாது, அக்கா. அப்படிச் சொன்னால் போன பத்து அறிக்கையையும் தோண்டுவார்கள். நீ நினைக்கிற மாதிரி இது வீட்டுக் கணக்கு இல்லை. ஆராய்ச்சியில் கணக்கிடும் முறைகள் பல உண்டு. எல்லாவற்றையும் கடிதத்தில் விளக்க முடியாது.

அந்த வண்டு வேறு எங்காவது கட்டாயம் இருக்கும். நீ தேடாத இடங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

ஒரு நல்ல செய்தி. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து எனக்கு வேலை நிரந்தரம். உதவி அலுவலர். தனி மேசை, ஜன்னலோரம். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.

உடம்பை அலட்டிக்கொள்ளாதே.

தம்பி.

ஆகஸ்டு 4

ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் நிலையத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் குடும்பப் பெண். பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். தங்கள் நிலையத்தின் அறிக்கையில் "உள்ளூர்வாசி ஒருவர்" என்று குறிப்பிடப்பட்டிருப்பது நான்.

என் நோட்டில் உள்ளவை அன்றன்றைய இருப்பு. அவற்றைக் கூட்டக் கூடாது. திங்கட்கிழமை டப்பாவில் பத்து ஆழாக்கு மாவு, செவ்வாய் ஒன்பது, புதன் எட்டு என்று எழுதியிருந்தால் வீட்டில் இருபத்தேழு ஆழாக்கு மாவு இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். சரியான கணக்குப்படி, ஒரு நாளில் கண்ட அதிகபட்சம் முதல் வருடம் முப்பத்தொன்று, இந்த வருடம் பதினொன்று. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூன்று வருடம் தேடியும் ஒன்றும் இல்லை. நகப்பூச்சுப் புள்ளி வைத்துச் சரிபார்த்த விவரம் நாலாம் வருடப் பக்கத்தில் உள்ளது.

பிழையைத் திருத்தி நகராட்சிக்குத் தெரிவிக்கும்படியும், என் நோட்டைத் திருப்பி அனுப்பும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆட்சேபத்துக்கு இந்த மாதக் கடைசிவரைதான் கெடு.

இப்படிக்கு,
நோட்டு எழுதியவர்.

செப்டம்பர் 23

அம்மையீர்,

தங்களின் ஆகஸ்டு 4 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. பொருள்: பணிமனை விரிவாக்க நிலம், சிப்பாய் வண்டு.

தாங்கள் எழுப்பியுள்ள ஐயம் உரிய பிரிவால் பரிசீலிக்கப்பட்டது. அறிக்கையில் கையாளப்பட்ட முறை ஏற்புடையதே எனத் தெரிவிக்கப்படுகிறது. ஆட்சேபத்துக்கான காலம் முடிவடைந்துவிட்டதால் மேல் நடவடிக்கை தேவைப்படவில்லை. தங்களின் பதிவேடு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. இயற்கை மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நிலையம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.

(கையொப்பம்)
உதவி அலுவலர், பூச்சியியல் பிரிவு.

அக்டோபர் 11

கடவுள் துணை.

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அத்தான் குச்சி இல்லாமல் வாசல்வரை போகிறார். எனக்கும் ஒன்றுமில்லை. ஜன்னலோரம் உட்காருகிறாய், காற்று பட்டு இருமல் திரும்பி வராமல் பார்த்துக்கொள்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலை இயந்திரம் வந்தது. அப்போது இருந்தவர்கள்: ஓட்டுநர், பணிமனை மேற்பார்வையாளர், தையல்காரம்மா, நான். நான்கு பேர். அத்தான் வர மறுத்துவிட்டார். "என்னால பார்க்க முடியாது, நீ போய் எழுதிக்க" என்று கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபத்தாறு வருடச் சந்தேகம் அன்று தீர்ந்தது. அவர் கிண்டல் செய்ததே இல்லை.

ஓட்டுநரிடம் போய், "அரை மணி நேரம் குடுங்க, கொஞ்சம் மண் எடுத்துக்கறேன்" என்றேன்.

"மண்ணா? எதுக்கும்மா?"

"புழு இருக்கு. அடுத்த வருஷ வண்டு அதுதான்."

அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறாயிரம் இருக்குன்னு உங்க நோட்டுலதானே போட்டிருக்கு? அப்புறம் என்னம்மா" என்றார். என் வாயை அடைக்க என் நோட்டே போதுமாக இருந்தது. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன்" என்று இறங்கிப் போனார். அந்த முன்பின் தெரியாத மனிதருக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன். நானும் தையல்காரம்மாவும் மூன்று வாளி மண் அள்ளினோம். அவள் முழங்கைவரை சேறு. "கல்யாண ரவிக்கை தைக்கக் குடுத்திருக்காங்க, இந்தக் கையோட எப்படித் தொடறது" என்று திட்டிக்கொண்டே அள்ளினாள். பதினொரு மணிக்குக் குடைப்பூச் செடி ஒன்றும் நிற்கவில்லை.

பிறகு உங்கள் நிலையத்தின் கடிதம் வந்தது. தட்டச்சு. "அம்மையீர்." எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தின் வாலை நீ மூன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் மேலே சுழிப்பாய். அப்படிச் சுழிக்காதே, நேராக இழு என்று உன் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். அம்மா வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவன் என்னை அம்மையீர் என்று எழுதி, கீழே சுழித்திருக்கிறான். அத்தானிடம் காட்டவில்லை. அவரிடம் நான் மறைத்த ஒரே கடிதம் இது.

நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலில் கூட்டுத்தொகை. ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு. உங்கள் தலைவர் ஏழை எப்படி எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதுவது தெரியும். கூட்டல் ஒரு இடத்திலும் பிழையில்லை. பதினோரு வருடத்தையும் நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். 6,148 சரியாக வருகிறது.

முதல் பக்கத்துக்குப் போனேன். "இது வரவு அல்ல, இருப்பு." அந்த வரிக்கு அடியிலும் அதே பென்சில். ஒரு கோடு, அளவுகோல் வைத்து இழுத்த கோடு. படித்திருக்கிறாய். முக்கியம் என்று தெரிந்து கோடும் போட்டிருக்கிறாய். அதன் பிறகு பக்கம் பக்கமாகக் கூட்டியிருக்கிறாய். ஒன்பது வயதில் செய்தது அறியாமை, நாங்கள் சிரித்தோம். இதற்கு யார் சிரிப்பார்கள்?

உன்னை யாராவது நெருக்கினார்களா என்றும் யோசித்தேன். ஒன்பது வருடம் தற்காலிகமாக இருந்த வலி எனக்குத் தெரியாததல்ல. "அக்கா, என்னால் முடியவில்லை, என்னை மன்னித்துவிடு" என்று ஒரு அட்டை போட்டிருந்தால், நான் அழுதிருப்பேன், அதோடு சரி. நீ தேடாத இடங்கள் இருக்கின்றன என்று எழுதினாய். அது தாங்கவில்லை.

அந்தக் கோட்டை ஏன் இழுத்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அதை நீ சொல்ல வேண்டிய இடம் வேறு. அந்த இடத்தில் நானும் தினமும் உட்காருகிறேன். உனக்காக ஒரு வார்த்தை சொல்ல முயன்றுகொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது வேறு காரியத்துக்காக. வாளிகளைப் பின்கதவுக்கு உள்ளே, நிழலில் வைத்திருக்கிறேன். பழைய சாக்கை நனைத்து மேலே போடுகிறேன். புழு கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி மூன்று வாளியிலும் சேர்த்து ஒன்பது. இருபதாம் தேதி ஏழு. இன்று காலை ஐந்து. இறந்த உடல் கிடைக்கவில்லை. ஒன்றையொன்று தின்கிறதா, இல்லை, ஆழத்துக்குப் போய்விடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கிளறிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. தோட்டத்து நத்தை முட்டை கொஞ்சம் போட்டேன். தின்ற மாதிரி இருக்கிறது. குளிர்காலத்தில் சாக்கு எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும்? ஐந்தையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டுமா? உன் பழைய பாடப்புத்தகத்தில் இதெல்லாம் இல்லை. தையல்காரம்மாவுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்தவர்களில் இதற்குப் பதில் தெரிந்தவன் நீ ஒருவன்தான். அதுதான் எனக்கு வந்த கதி.

வேறு எதையும் எழுத வேண்டாம். சமாதானம் வேண்டாம், அத்தானை விசாரிக்கவும் வேண்டாம். ஈரம் எவ்வளவு, பிரிப்பதா வேண்டாமா, இரண்டே வரி.

இன்றைய இருப்பு ஐந்து. பதில் சீக்கிரம் போடு.

அக்கா.